ஆபரேஷன் தியேட்டர் நர்ஸும் மருத்துவமனைக்கு வரும் பணமும்

பல நாடுகளில் ஒருவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தால், அதற்காக மருத்துவமனைக்கு எவ்வளவு பணம் வரும் என்பது அவர் வந்து சேர்வதற்கு முன்பே முடிவாகியிருக்கும். அறுவை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தாலும் மூன்று மணி நேரம் இழுத்தாலும் பெரும்பாலும் அதே தொகைதான். தொகையை நிர்ணயிப்பவர்கள் அரசு அலுவலகத்திலோ காப்பீட்டு அமைப்பிலோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டே போனால், அவற்றில் ஒரு பெரிய பகுதி ஆபரேஷன் தியேட்டரின் ஓரத்தில் கணினி முன் நின்று நேரத்தைப் பதிவு செய்யும் நர்ஸிடம் கொண்டுபோய் விடும்.

நிதிச் சீர்திருத்தம் என்றால் அமைச்சகம், நிதி அதிகாரிகள், மிஞ்சிப்போனால் மூத்த சர்ஜன்கள் என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. தியேட்டர் நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வருவதில்லை. அந்த எண்ணம் ஏன் வர வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது. முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மருத்துவமனைக்குப் பணம் எப்படி வருகிறது

மூன்று வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும். நடைமுறையில் எல்லா நாடுகளும் இவற்றைக் கலந்துதான் வைத்திருக்கின்றன.

முதல் வழியில், செய்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக பில் போடுவார்கள். ஊசிக்கு இவ்வளவு, எக்ஸ்ரேவுக்கு இவ்வளவு, தியேட்டரில் இருந்த ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் இவ்வளவு. எவ்வளவு அதிகம் செய்கிறார்களோ அவ்வளவு வருமானம். தேவையில்லாததையும் செய்யத் தூண்டும் முறை இது என்ற குற்றச்சாட்டு பழையது.

இரண்டாவது, ஆண்டுக்கு மொத்தமாக ஒரு தொகை. போன ஆண்டு கொடுத்ததோடு கொஞ்சம் சேர்த்தோ குறைத்தோ அரசு கொடுத்துவிடும். நிர்வாகத்துக்கு நிம்மதி. ஆனால் இதில் ஒவ்வொரு நோயாளியும் செலவு மட்டுமே. வருமானம் எதையும் கொண்டுவருவதில்லை. ஆண்டுக் கடைசியில் பணம் தீர்ந்தால் தியேட்டரை மூடி வைப்பதே எளிய சிக்கனம் ஆகிவிடும். காத்திருப்போர் பட்டியல் நீளும்.

மூன்றாவது, நோயாளியின் வகைக்கு ஒரு விலை. ஒரே மாதிரியான நோயும் சிகிச்சையும் செலவும் உள்ளவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, அந்தக் குழுவில் ஒருவருக்குச் சிகிச்சை அளித்தால் இவ்வளவு என்று முன்பே நிர்ணயிப்பார்கள். கூலிக் கணக்கில் வீடு கட்டுவதற்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். செலவு விலைக்குள் அடங்கினால் மிச்சம் மருத்துவமனைக்கு. மீறினால் நட்டமும் அதற்கே.

கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகின் பல பகுதிகளில் ‘மருத்துவமனை நிதிச் சீர்திருத்தம்’ என்ற பெயரில் நடந்தவற்றில் பெரும்பகுதி, முதல் இரண்டு வழிகளிலிருந்து மூன்றாவதை நோக்கி நகர்ந்த கதைதான். இந்த நோயாளிக் குழுக்களுக்கு டி.ஆர்.ஜி. என்று பெயர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்ப்சனும் இதை உருவாக்கினார்கள். ஃபெட்டர் தொழிற்சாலை உற்பத்தி முறைகளை ஆராய்ந்தவர். தாம்ப்சன் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர்! உலகம் முழுக்க மருத்துவமனைகளின் கணக்கை மாற்றிய ஒரு யோசனையின் இரு தகப்பன்மாரில் ஒருவர் நர்ஸ் என்பது, நர்ஸிங் படிப்பவர்களுக்குக்கூட அதிகம் சொல்லப்படுவதில்லை.

1983-இல் அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் இந்த முறைக்கு மாறியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1993-இல் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் வந்தன. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் நெடுங்காலம் மொத்தத் தொகை முறையில் இருந்துவிட்டு, 2012-இல் நிதியின் ஒரு பகுதியை ‘தரம் சார்ந்த சிகிச்சைகள்’ என்ற வகைக்கு மாற்றியது. செய்த சிகிச்சைகளின் எண்ணிக்கை பெருக்கல் ஒன்றின் விலை என்பதே அதன் அடிப்படை. முதல் ஆண்டில் தேர்ந்தெடுத்தவை இடுப்பு மூட்டு மாற்று, முழங்கால் மூட்டு மாற்று, கண்புரை, நாள்பட்ட சிறுநீரக நோய். நான்கில் மூன்று தியேட்டருக்குள் நடப்பவை.

இது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். தேதி குறித்துச் செய்யும் அறுவைகளுக்குத்தான் விலை நிர்ணயிப்பது எளிது. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கும், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பெரிய வேறுபாடு இருக்காது, எண்ணிக்கையும் அதிகம். அதனால் எந்த நாட்டில் சீர்திருத்தம் வந்தாலும் முதல் அலை தியேட்டரில்தான் மோதும்.

தியேட்டருக்குள் யார் எதைப் பதிவு செய்கிறார்கள்

தியேட்டரில் நர்ஸ்கள் ஒரே வேலையைச் செய்வதில்லை. கை கழுவி, மலட்டு (அதாவது கிருமி நீக்கிய) உடையும் கையுறையும் போட்டு, சர்ஜனுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பவர் ஸ்க்ரப் நர்ஸ். மலட்டுப் பகுதிக்கு வெளியே நின்று, தேவையானதைத் திறந்து கொடுத்து, பதிவேட்டை எழுதி, அறை முழுவதையும் கவனிப்பவர் சர்க்குலேட்டிங் நர்ஸ். அன்றைய பட்டியலை நடத்துபவர் பொறுப்பு நர்ஸ். மயக்கம் தெளியும் அறையில் பார்த்துக்கொள்பவர்கள் தனி. (நாட்டுக்கு நாடு இந்த வேலைப் பிரிவு மாறும். ஸ்க்ரப் வேலையை டெக்னீஷியன்கள் செய்யும் இடங்களும் உண்டு.)

பணத்தின் கண்ணோடு பார்த்தால் சர்க்குலேட்டிங் நர்ஸ்தான் முக்கியமானவர். நோயாளி அறைக்குள் வந்த நேரம், மயக்கம் கொடுக்கத் தொடங்கிய நேரம், கத்தி வைத்த நேரம், தையல் முடிந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் பெரும்பாலும் அவர் பதிவில்தான் இருக்கும். எந்த இம்பிளான்ட் (செயற்கை மூட்டு, திருகு போல உடலுக்குள் வைக்கும் பொருள்) பொருத்தப்பட்டது, அதன் ஸ்டிக்கர் எண் என்ன, என்னென்ன பொட்டலம் பிரிக்கப்பட்டது என்பதும் அங்கேயே.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கலிபோர்னியா மருத்துவமனைகளின் 2014 கணக்குகளை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, தியேட்டரில் ஒரு நிமிடத்துக்கு சராசரியாக 36 முதல் 37 டாலர் செலவாகிறது என்று கண்டது. நேரடிச் செலவில் பெரும்பகுதி ஊழியர் சம்பளம். இந்த எண்ணை வேறொரு நாட்டுக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது. எங்கும் தியேட்டர் மருத்துவமனையின் மிக விலை உயர்ந்த இடங்களில் ஒன்று என்பது மட்டும் மாறாது.

பதிவு எப்படி விலை ஆகிறது என்று பார்ப்போம். விலை நிர்ணயிக்கும் அமைப்பு, பல மருத்துவமனைகளிடமிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஆன செலவு விவரத்தைச் சேகரித்து, சராசரி எடுத்து, எதிர்வரும் ஆண்டுக்கான விலையைப் போடுகிறது. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு அறுவைக்கு உண்மையில் 100 அலகு செலவு. இம்பிளான்ட் 30, தியேட்டர் நேரம் 25, வார்டில் தங்கியது 30, மற்றவை 15. இதில் தியேட்டரில் நிஜமாக 110 நிமிடம் ஆனது. ஆனால் கத்தி வைத்ததிலிருந்து தையல் முடியும் வரையுள்ள 70 நிமிடத்தை மட்டும் நிதிப் பிரிவு எடுத்துக்கொண்டது. மீதி 40 நிமிடம், அதாவது நோயாளியைச் சரியான நிலையில் படுக்க வைப்பது, மயக்கம், கருவிகளை எண்ணுவது, அறையைத் தயார் செய்வது, எல்லாம் எந்த நோயாளியின் பெயரிலும் ஏறாமல் பொதுச் செலவில் கரைந்துவிடும். தியேட்டர் செலவு 25 என்பது 16 ஆகத் தெரியும். பல மருத்துவமனைகளில் இதே போல நடந்தால், சிக்கலான தயாரிப்பு தேவைப்படும் அறுவைகளுக்கு விலை குறைவாகவும், சட்டென்று தொடங்கிவிடும் அறுவைகளுக்கு விலை தாராளமாகவும் அமைந்துவிடும். அந்த 40 நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று நிதிப் பிரிவில் யாருக்கும் தெரியாது. நர்ஸுக்குத் தெரியும்.

இம்பிளான்ட் பதிவும் அப்படித்தான். ஒரு திருகு நழுவிக் கீழே விழுந்து இன்னொன்று எடுத்தால், முதல் திருகும் செலவுதான். அவசரத்தில் ஸ்டிக்கர் ஒட்டப்படவில்லை என்றால் அது யார் கணக்கிலும் வராது. ‘ஒரு திருகுதானே’ என்று தோன்றும். ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான அறுவைகளில் இப்படி விட்டுப்போவது அடுத்து வரும் விலைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

பிரித்த பொட்டலமும் பழைய பட்டியலும்

ஒவ்வொரு சர்ஜனுக்கும், ஒவ்வொரு அறுவைக்கும் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்ற பட்டியல் தியேட்டரில் இருக்கும். பிரெஃபரன்ஸ் கார்டு என்பார்கள். என்றோ எழுதியது. அந்தச் சர்ஜன் தன் முறையையே மாற்றியிருப்பார், கார்டு மாறியிருக்காது. இருவகைத் தையல் நூல் எழுதியிருக்கும், இரண்டையும் பிரித்து வைப்பார்கள், ஒன்றைத்தான் அவர் கேட்பார். மற்றது குப்பைக்கு. மலட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் திருப்பி வைக்க முடியாதே.

சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் மூளை, தண்டுவட அறுவைகளைக் கவனித்து, பிரித்தும் பயன்படுத்தாத பொருள்களைக் கணக்கெடுத்தார்கள். ஓர் அறுவைக்குச் சராசரியாக 653 டாலர், பொருள் செலவில் சுமார் 13 சதவீதம் இப்படிப் போயிருந்தது.

செய்த ஒவ்வொன்றுக்கும் பில் போடும் முறையில் இதை யாரும் கண்டுகொள்ள வேண்டியதில்லை; பிரித்ததற்கும் பில் போட்டுவிடலாம். விலை முன்பே நிர்ணயமாகியிருக்கும் முறையில் பிரித்து எறிந்த ஒவ்வொரு பொட்டலமும் மருத்துவமனையின் கையிலிருந்து போகும் காசு. சீர்திருத்தம் வந்தவுடன் பிரெஃபரன்ஸ் கார்டுகளைத் தூசி தட்டும் வேலை திடீரென்று நிர்வாகக் கூட்டங்களில் பேசப்படுவதற்குக் காரணம் இதுதான். இந்த வேலையை நர்ஸைத் தவிர வேறு யாராலும் ஒழுங்காகச் செய்ய முடியாது. எதைச் சர்ஜன் எப்போதும் கேட்பார், எதைப் பத்தில் ஒரு முறை கேட்பார், எது கையெட்டும் தூரத்தில் பிரிக்காமல் இருந்தால் போதும், எது நொடியும் தாமதிக்காமல் திறந்திருக்கவே வேண்டும் என்ற அறிவு எந்த மென்பொருளிலும் இல்லை. ரத்தம் பீறிடும்போது தேவைப்படும் கிளிப்பை ‘பயன்படாத பொருள்’ பட்டியலில் சேர்த்துக் கார்டிலிருந்து நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்காளர் யோசிக்க வாய்ப்பில்லை.

கொள்முதல் குழுவிலும் இதே பிரச்சினை. விலை குறைந்த கையுறையை வாங்கிவிட்டு, அது அடிக்கடி கிழிவதால் இரண்டு ஜோடி போடுகிறார்கள் என்பது பில்லில் தெரியாது.

எண்ணிக்கை தவறினால் பணமும் போகும்

புதிய நிதி முறைகள் எண்ணிக்கையோடும் விலையோடும் நிற்பதில்லை. தரத்தையும் பணத்தோடு கட்டிப் போடுகின்றன. 2008 அக்டோபரிலிருந்து அமெரிக்காவின் மெடிகேர், மருத்துவமனையில் இருக்கும்போதே ஏற்பட்ட சில தீங்குகளுக்குக் கூடுதல் பணம் தருவதை நிறுத்தியது. அந்தப் பட்டியலில் அறுவைக்குப் பின் உடலுக்குள் விட்டுவிட்ட பொருள், வகை பொருந்தாத ரத்தம் ஏற்றியது, படுக்கைப் புண், குறிப்பிட்ட சில அறுவைகளுக்குப் பின் வரும் தொற்று ஆகியவை இருந்தன.

தியேட்டர் நர்ஸுக்கு இந்தப் பட்டியல் தன் அன்றாட வேலைப் பட்டியல் போலவே தெரியும். பஞ்சுத் துணிகளையும் ஊசிகளையும் கருவிகளையும் அறுவைக்கு முன்பும் வயிற்றை மூடுவதற்கு முன்பும் எண்ணுவது ஸ்க்ரப் நர்ஸும் சர்க்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து செய்வது. நீண்ட அறுவையில் அழுத்தம் விழும் இடங்களுக்குத் திண்டு வைப்பது, மலட்டுத் தன்மையைக் காப்பது எல்லாமே அவர்கள் கையில்தான் பெரிதும் இருக்கிறது.

அதே 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. எட்டு நகரங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு அடுத்த ஆண்டு வெளியானது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. பட்டியலை உரக்கப் படித்து, எல்லோரையும் ஒரு நிமிடம் நிறுத்த வைக்கும் வேலை பல இடங்களில் நர்ஸுடையது. ஒரு சிக்கல் குறைந்தால் நோயாளிக்கு எவ்வளவு நன்மை என்பது சொல்லாமலே தெரியும். நிலையான விலை முறையில் மருத்துவமனைக்கும் அது நேரடி மிச்சம், ஏனென்றால் கூடுதல் நாள்களுக்கான செலவை யாரும் முழுதாகத் திருப்பித் தரப்போவதில்லை.

இன்னொரு வகையில் தரத்தைப் பணத்தோடு இணைத்தது இங்கிலாந்து. இடுப்பு எலும்பு முறிந்து வரும் முதியவர்களுக்கு 36 மணி நேரத்துக்குள் அறுவை செய்வது உள்ளிட்ட சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் கூடுதல் தொகை என்று 2010-இல் அறிவித்தது. எலும்பு முறிவு என்பது அன்றைய அறுவைப் பட்டியலில் முன்கூட்டி வராது. ஏற்கெனவே நிரம்பியிருக்கும் நாளில் அந்த முதியவருக்கு இடம் கண்டுபிடிக்க வேண்டும்: எந்த அறையைத் திறக்கலாம், எந்தக் கருவித் தட்டு கிருமிநீக்கத்திலிருந்து எப்போது திரும்பி வரும், மாலை ஷிப்டில் எலும்பு அறுவையில் பழகிய நர்ஸ் யார் இருக்கிறார். பொறுப்பு நர்ஸின் தினசரி மூளை வேலை இது. கூடுதல் தொகை வந்ததா இல்லையா என்பதை முடிவு செய்த கைகளில் அவருடையதும் உண்டு. அந்தத் தொகையிலிருந்து மாலை ஷிப்டுக்கு இன்னொரு நர்ஸ் வந்தாரா என்பது வேறு கேள்வி, அதைக் கேட்டாக வேண்டும்.

வேகம் என்ற பொறி

விலை நிலையாகி, எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் என்றானதும் எல்லோர் கண்ணும் இரண்டு அளவுகள் மேல் விழும். காலையின் முதல் அறுவை சொன்ன நேரத்துக்குத் தொடங்கியதா? ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வர எத்தனை நிமிடம் ஆனது?

இரண்டையும் கண்காணிப்பதில் தவறில்லை. காலையில் இருபது நிமிடம் தாமதமானால் மாலையில் கடைசி நோயாளியின் அறுவை ரத்தாகலாம். பட்டினி கிடந்து காத்திருந்தவரிடம் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்வதும் பெரும்பாலும் நர்ஸ்தான். ஆனால் தாமதத்துக்கான காரணம் எதுவாக இருந்தாலும் இடைவெளி நேரத்தைக் குறைக்கும் பொறுப்பு மட்டும் நர்ஸ் தலையிலும் துப்புரவுப் பணியாளர் தலையிலும் விழுவதைப் பார்க்கிறோம். சர்ஜன் வார்டில் இருந்தார், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இல்லை, படுக்கை காலியில்லாததால் நோயாளியை வெளியே அனுப்ப முடியவில்லை. இந்தக் காரணங்களைத் தனித்தனியாகக் குறித்து வைத்தால்தான் பேச முடியும். காரணம் எழுதாத தாமதம் எழுதியவர் மேலேயே வந்து விழும்.

பஞ்சையும் கருவிகளையும் எண்ணுவதற்கு ஆகும் நேரத்தை ‘வீண் நேரம்’ என்று யாராவது அட்டவணையில் போட்டால், அந்த இடத்தில் நர்ஸ் விட்டுக்கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எண்ணப்படாதவர்கள்

நோயாளிக் குழு விலையில் ஒரு பழைய ஓட்டை உண்டு: நர்ஸின் வேலை தனியாகத் தெரியாது. வார்டில் அது நாள் வாடகைக்குள் கரைந்திருக்கும், தியேட்டரில் நிமிடக் கட்டணத்துக்குள். தனியாகத் தெரியாத செலவைக் குறைப்பது நிர்வாகத்துக்கு எளிது. ஜெர்மனியில் இது வெளிப்படையாக நடந்தது. நிலையான விலை வந்தபின் மருத்துவமனைகள் நர்ஸ்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் செலவைச் சமாளித்தன என்ற விமர்சனம் ஆண்டுக்கணக்கில் எழுந்தது. கடைசியில் 2020-இலிருந்து நர்ஸிங் செலவை நோயாளிக் குழு விலையிலிருந்து பிரித்தெடுத்து, மருத்துவமனைகளுக்கு அதைத் தனியாக ஈடுகட்டும் முறை வந்தது.

நல்ல திருத்தம். ஆனால் தனியாகப் பிரித்தது படுக்கை உள்ள வார்டுகளில் நேரடியாகப் பராமரிக்கும் நர்ஸ்களின் செலவை. தியேட்டர் ஊழியர்களின் செலவு பழைய விலைக்குள்ளேயே நின்றது. தியேட்டரில் படுக்கை கிடையாது, மேசைதான் உண்டு! நர்ஸ்களுக்காகவே வந்த ஒரு சீர்திருத்தம், எல்லைக் கோட்டை எங்கே போட்டார்கள் என்ற ஒரே காரணத்தால், ஒரு பகுதி நர்ஸ்களை வெளியே நிறுத்திவிட்டது. ஊக்கம் எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பாருங்கள்: முழுதாகத் திரும்பக் கிடைக்கும் செலவு ஒன்று, தன் கையைக் கடிக்கும் செலவு இன்னொன்று. மருத்துவமனை எந்த இடத்தில் ஆளைக் குறைக்கப் பார்க்கும்?

இதனால்தான் விதி எழுதும் மேசையில் தியேட்டர் நர்ஸ் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். ‘கலந்தாலோசிக்கப்பட்டனர்’ என்ற ஒற்றை வரிக்காக இல்லை. எந்த நிமிடத்தில் கணக்கு தொடங்குகிறது, எந்த ஊழியர் எந்தத் தலைப்பில் வருகிறார் என்பது போன்ற சலிப்பூட்டும் வரையறைகள்தான் பின்னால் பணமாக மாறுகின்றன. சலிப்பூட்டுபவை என்பதால்தான் அந்தக் கூட்டங்களுக்கு யாரும் போட்டி போட்டு வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நர்ஸைச் செலவுக் காவலர் ஆக்கும் ஆபத்து நிஜமானது. மலிவான தையல் நூலைப் பயன்படுத்தச் சொல்லி சர்ஜனிடம் வாதாடும் வேலையை ஒரு இளம் நர்ஸிடம் கொடுத்துவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. விலை விவரத்தைச் சர்ஜனுக்கு நேரடியாக அனுப்புவது நிர்வாகத்தின் வேலை. எது தேவை, எது வீண் என்ற விவரத்தைத் தருவது நர்ஸின் பங்கு. முடிவு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டியது.

இதில் எங்கே தொடங்குவது என்று கேட்கும் தியேட்டர் நர்ஸுக்கு ஒரு யோசனை. உங்கள் தியேட்டரில் அதிகம் நடக்கும் ஒரே ஒரு அறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த மூன்று மாதங்களில் அதற்கு நிதிப் பிரிவு சராசரியாக எத்தனை தியேட்டர் நிமிடம், எவ்வளவு பொருள் செலவு காட்டியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பதிவேட்டிலுள்ள எண்களைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால், முதல் கேள்வி கடிகாரத்தைப் பற்றியதாக இருக்கட்டும்: அவர்கள் கணக்கில் அறுவை எந்த நிமிடம் தொடங்குகிறது, எந்த நிமிடம் முடிகிறது? அந்தப் பேச்சை முடிந்தால் தியேட்டர் ஸ்டோர் ரூமிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிதிப் பிரிவிலிருந்து வருபவருக்குப் பிரெஃபரன்ஸ் கார்டு, இம்பிளான்ட் பெட்டி, கருவித் தட்டு எல்லாவற்றையும் அங்கே எடுத்தே காட்டலாம்.